அரம் பட்ட இடம்

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் லேத்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா விட்டுப்போன கடைசல் இயந்திரத்தை அவர் போன மறுவாரமே ஓட்ட ஆரம்பித்தவள். இரும்பைப் பிடித்துச் சுழலவிட்டு உளியால் சீவுவது அவளுக்குக் கத்தரிக்காய் நறுக்குவது மாதிரி. புருஷன் கார் மெக்கானிக். இரண்டு பேருக்கும் ஒரே கட்டடம், இரண்டு ஷட்டர். இடப்பக்கம் அவருடைய பட்டறை, வலப்பக்கம் இவளுடைய லேத்து. நடுச்சுவரில் ஒரு ஜன்னல். அந்த ஜன்னல் வழியாகத்தான் சாமான் போகும், டீ வரும், சண்டையும் நடக்கும்.

கல்யாணமே அந்த மாதிரி ஒரு சண்டையில் ஆரம்பித்ததுதான். அவர் அப்போது வேறொரு பட்டறையில் கூலிக்கு வேலை பார்த்தார். இவள் கடைந்து கொடுத்த ஒரு புஷ்ஷை, அச்சைச் சுற்றி மாட்டும் வளையத்தைக் கொண்டுவந்து, “அளவு தப்பா இருக்கும்மா” என்றார். இவள் வாங்கி அளந்து பார்த்துவிட்டு, “புஷ்ஷு சரியாத்தான் இருக்கு. நீங்க அளந்ததுதான் தப்பு. கண்ணாடி போட்டுக்கிட்டு வாங்க” என்றாள். மறுநாள் மூக்குக் கண்ணாடியோடு வந்து நின்றார். அதற்கப்புறம் காரணமே இல்லாமல் புஷ் கடைய வர ஆரம்பித்துவிட்டார்.

அவரிடம் அப்போதே ஒரு பழைய கார் இருந்தது. இரண்டே கதவு, நீண்ட மூக்கு, பின்பக்கம் சரிந்து இறங்கும் கூரை. கூபே என்பார்கள் அந்த உருவத்தை. பார்க்க ராஜா மாதிரி இருக்கும். மூடியைத் திறந்தால் ஒரு மூலையில் சின்ன நாலு சிலிண்டர் இன்ஜின் ஒதுங்கி உட்கார்ந்திருக்கும். அவருடைய தம்பி, பெயிண்டர், அந்தக் காரைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வான்: “அண்ணி, இது புருஷன் பொண்டாட்டிக்குன்னே செஞ்ச வண்டி. சண்டை வந்தா ஆளுக்கு ஒரு கதவு. மூணாவது ஆளு சமாதானம் பண்ணக்கூட உள்ள ஏற முடியாது.”

மூன்றாவது ஆளும் ஏறினான். ஒரே மகன். பின்சீட்டில் குறுக்கே படுத்துத் தூங்கியபடி பள்ளிக்கூடம் போனான். கால் எட்டியதும் அதே வண்டியில்தான் ஓட்டக் கற்றுக்கொண்டான். கற்றுக்கொண்ட மறுநாளே அப்பாவை நச்சரிக்க ஆரம்பித்துவிட்டான்.

“அப்பா, மூக்கு இவ்ளோ நீளம் வெச்சுட்டு உள்ள தையல் மிஷின் மாட்டி வெச்சிருக்கான். ஒரு ஆறு சிலிண்டர் தூக்கிப் போடுவோம்பா.”

“இதோட உடம்பு தாங்காதுடா. பாட்டு கேட்டுக்கிட்டுப் போற வண்டி இது.”

“நீங்க போடலைன்னா நான் போடுவேன்.”

“போடு. நான் செத்தப்புறம் போடு.”

அதைச் சொன்னபோது மூன்று பேருமே சிரித்தார்கள்.

மகன் படித்து ஒரு கம்பெனியின் விற்பனைப் பிரிவில் சேர்ந்தான். பழைய ஆறு சிலிண்டர் கார் ஒன்றைச் சொந்தமாக வாங்கினான். காலையில் வாசலில் அதைக் கிளப்பும்போது ஜன்னல் கண்ணாடி லேசாக அதிரும். அவள் அடுப்படியிலிருந்தே, “தெருவையே எழுப்பாதடா” என்று கத்துவாள். அவன் வேண்டுமென்றே இன்னொரு தடவை அழுத்திவிட்டுப் போவான்.

ஒருநாள் காலை அப்படிப் போனவன் திரும்பி வரவில்லை. ஊருக்கு வெளியே கிடங்குகள் வரிசையாக இருக்கும் சாலையில் ஒரு வளைவு உண்டு. வண்டி அந்த வளைவில் திரும்பாமல் நேராகப் போய், தடுப்புக் கம்பியை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் கவிழ்ந்தது. கூரை சீட்டு வரைக்கும் அமுங்கிவிட்டது. வேறு வண்டி எதுவும் இல்லை, குறுக்கே யாரும் வரவில்லை. காவல்துறை வந்து பார்த்து, அதிவேகம் என்று சொல்லி முடித்துக்கொண்டது.

அடக்கம் முடிந்து வந்தவர்கள் எல்லோரும் போனபிறகு வீட்டில் இரண்டு பேர் மிச்சமிருந்தார்கள். அவர் பேசுவதை விட்டுவிட்டார். கேட்டால் பதில் வரும், அவ்வளவுதான். சாப்பிட உட்கார்ந்தால் தட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அவளோ லேத்தை நிறுத்தவே இல்லை. ஓடும் இரும்பின் முன்னால் கண்ணை அப்படி இப்படி எடுக்க முடியாது, எடுத்தால் விரல் போய்விடும். அந்தக் கட்டாயம் அவளுக்கு வேண்டியிருந்தது.

நொறுங்கிய வண்டியைக் கொண்டுவந்து பட்டறைக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார்கள். இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிடலாம் என்று தம்பி இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தான். அவர் காதில் வாங்கவில்லை. மழைக்காலம் முடிந்த பிறகு ஒருநாள் காலை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தார்ப்பாய் கீழே கிடந்தது. கனம் தூக்கும் செயின் பிளாக்கில் மகனுடைய வண்டியின் இன்ஜின் தொங்கிக்கொண்டிருந்தது. கூரை அமுங்கிய அந்த வண்டியில் இன்ஜினுக்கு மட்டும் ஒரு கீறல் இல்லை. அதற்குப் பக்கத்தில், மூக்கைத் திறந்தபடி, கூபே நின்றது. அதன் சின்ன இன்ஜினை ஏற்கெனவே கழற்றி மூலையில் வைத்தாயிற்று.

தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. “பையன் ஆசைப்பட்டதை அண்ணன் செய்றாரு அண்ணி. நல்லதுதான். கையில ஒரு வேலை இருந்தா மனுஷன் தேறிடுவாரு. வண்டி முடியட்டும், நான் பெயிண்ட் அடிக்கிறேன். கண்ணாடி மாதிரி வெச்சுக் காட்றேன்.”

தெருவும் அப்படித்தான் பேசிக்கொண்டது. அவளும் ஓரிரு நாள் அப்படித்தான் நினைத்தாள்.

இன்ஜின் உட்காரப் புது மவுண்ட் வேண்டும். பழைய தாங்கிகள் நாலு சிலிண்டருக்கு அளந்து வைத்தவை. அட்டையில் வரைந்து ஜன்னல் வழியாக நீட்டினார். கனத்த தகட்டில் வெட்டி, துளை போட்டு, கால் வைத்துக் கடைந்து தரவேண்டும். அளவு சரிபார்க்க அவள் பட்டறைக்குள் போனபோதுதான் காரின் உள்பக்கத்தைப் பார்த்தாள். பின்சீட்டு இல்லை. முன்னால் ஓட்டுபவருக்குப் பக்கத்து சீட்டும் இல்லை. ஒரே ஒரு சீட்டு மட்டும் தனியாக இருந்தது. குனிந்து சக்கரத்துக்குள் பார்த்தாள். பிரேக் அதே பழைய டிரம் பிரேக். சின்ன இன்ஜினுக்கே சில சமயம் கெஞ்சவைக்கும் பிரேக். இத்தனை பெரிய இன்ஜினைப் போடுகிற எந்த மெக்கானிக்கும் முதலில் பிரேக்கைத்தான் தொடுவான். இவர் அதைத் தொடவே இல்லை.

அட்டையை மடித்துக்கொண்டு தன் பக்கம் போனாள்.

தகட்டை வெட்டினாள். துளையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டாள்.

அவர் வைத்துப் பார்த்துவிட்டு ஜன்னலுக்கு வந்தார். “துளை தள்ளியிருக்கும்மா.”

“அப்படியா? வேற போட்டுத் தரேன்.”

அடுத்ததில் காலின் உயரத்தைக் குறைத்தாள். அதையும் கொண்டுவந்தார், ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார். அதற்கடுத்ததை நாலைந்து நாள் இழுத்தடித்தாள். வேறு வேலை வந்துவிட்டது என்றாள், டிரில் முனை மழுங்கிவிட்டது என்றாள். கடைசியில் அவர் ஜன்னலுக்கு வராமல் வாசல் வழியாகவே உள்ளே வந்து, லேத்தின் சுவிட்சை அணைத்தார்.

“நீ தப்பாப் போடற ஆளே இல்லையே. என்ன விஷயம்?”

“அந்த வண்டில எத்தனை சீட்டு இருக்கு?”

அவர் திரும்பி ஜன்னல் வழியாகக் கூபேயைப் பார்த்தார்.

“ஒண்ணுதான் இருக்கு. பிரேக் பழசு. நீங்க என்ன செய்யப் போறீங்கன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? நானே கடைஞ்சு குடுக்கணுமா அதுக்கு? அவனையும் குடுத்துட்டு உங்களையும் என் கையால அனுப்பி வைக்கணுமா?”

அவர் முகம் மாறியது. அவள் சொன்னது அவருக்குப் புரியவே சற்று நேரம் பிடித்தது. பிறகு இரும்புச் சுருள்கள் சிதறிக் கிடந்த தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“இல்லம்மா. அதில்ல. பெரிய கியர்பாக்ஸ் உட்கார தரையை வெட்டணும், அதுக்காக சீட்டைக் கழட்டினேன். பிரேக்... பிரேக்கைப் பத்தி நான் யோசிக்கவே இல்ல. சத்தியமா அந்த நெனப்பே வரல.”

“வேற எதுக்கு இது?”

அப்போதுதான் சொன்னார். அந்த வளைவுக்குப் பக்கத்துக் கிடங்கில் ஒரு வாட்ச்மேன் இருக்கிறான். அவன் அன்று காலை வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தவன். இவர் போய் விசாரித்தபோது அவன் சொன்ன வார்த்தையை இத்தனை மாதமும் இவர் தனியாகவே வைத்துக்கொண்டிருந்தார். “சத்தம் கொறையவே இல்லீங்க. வளைவு வந்தும் கொறையல. கடைசி வரைக்கும் ஏறிக்கிட்டேதான் போச்சு.” சாலையில் டயர் தேய்ந்த தடமும் இல்லை.

“வளைவு தெரியாதவனா அவன்? தினம் போற ரோடு. பெடல்லேருந்து காலை எடுத்திருப்பான். கண்டிப்பா எடுத்திருப்பான். எடுத்தும் இன்ஜின் அடங்காம இருந்திருக்கணும். த்ராட்டில் மாட்டியிருக்கணும். இன்ஜினுக்குள்ள காத்து போற வாசல்ல இருக்கிற தகடு, திறந்தது திறந்தபடி நின்னிருக்கணும். பழைய வண்டிகள்ல நடக்கும், நான் பார்த்திருக்கேன். கையில வெச்சு ஆட்டிப் பார்த்தா நல்லாத்தான் திரும்புது. ஆனா சூடேறி, பாரம் இழுக்கும்போது மாட்டலாம். ஓட்டிப் பார்த்தாத்தான் தெரியும். அந்த வண்டிய இனிமே ஓட்ட முடியாது. நம்மகிட்ட நீளமான மூக்கு உள்ள வண்டி இது ஒண்ணுதான் இருக்கு.”

சொல்லிவிட்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தார். “எனக்கு அது தெரியணும்மா. இன்ஜின் மாட்டிக்கிச்சா, இல்ல அவன் காலையே எடுக்கலையான்னு தெரியணும்.”

அவள் விளக்குமாற்றை எடுத்தாள். தரையில் கிடந்த இரும்புச் சுருள்களைக் கூட்டி ஒதுக்கினாள். பிறகு, “பெரிய பிரேக் போடுங்க. நாலு சக்கரத்துக்கும். போட்டாத்தான் மவுண்ட் தருவேன்” என்றாள்.

போட்டார். இடிபட்ட வேறொரு காரிலிருந்து டிஸ்க் பிரேக் வாங்கிவந்தார், அதைப் பொருத்த வேண்டிய வளையங்களை அவளே கடைந்தாள். மவுண்டுகளை இந்தத் தடவை மயிரிழை பிசகாமல் செய்தாள். இன்ஜினை இறக்கியபோது அடிப்பக்கத்து எண்ணெய்த் தொட்டி குறுக்குச் சட்டத்தில் இடித்தது. தொட்டியை வெட்டி, ஆழத்தைக் குறைத்து, பக்கவாட்டில் அகலமாக்கி வெல்டு வைத்தார்கள். பின்சக்கரத்துக்குப் போகும் தண்டு நீளம் போதவில்லை. ரேடியேட்டரை முன்னால் தள்ள வேண்டியிருந்தது. தம்பி செயின் பிளாக்கை இழுக்க, அவர் படுத்தபடி கீழிருந்து கையால் வழிகாட்ட, அவள் போல்ட்டை நுழைத்தாள். “இன்னும் கொஞ்சம்... எறக்கு... நிறுத்து” என்று அவர் குரல் பழையபடி கேட்டது. அந்த வேலை நடந்த நாட்களில் அவர் சாப்பிட்டார். ஒருநாள் தம்பி எண்ணெய் சிந்தி வழுக்கி விழுந்தபோது சிரிக்கக்கூடச் செய்தார். அவளுக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பயமாக இருந்தது. வேலை முடிந்ததும் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

முதல் தடவை சாவி திருப்பிய அன்று தம்பி வாசலில் நின்று ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயைத் திறந்தான். இன்ஜின் இரண்டு தரம் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. ஷட்டர் தகடு அதிர்ந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வாயைத் திறந்த தம்பி அப்படியே மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினான். தினமும் காலையில் வாசலில் கேட்ட அதே சத்தம். அவள் தன் பக்கத்துக்குப் போய் லேத்தைப் போட்டாள். சாமான் எதையும் பிடிக்காமலே சும்மா ஓடவிட்டாள். அந்தச் சத்தத்துக்கு மேலே ஒரு சத்தம் வேண்டும், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அவர் கிளம்பிப் போனார். கிடங்குச் சாலையில் ஓட்டுவார். இன்ஜின் நன்றாகச் சூடேறும்வரை சுற்றிவிட்டு, ஆளில்லாத நேர்ச்சாலையில் கடைசிவரை அழுத்துவார், காலை எடுப்பார். அழுத்துவார், எடுப்பார். எடுத்த ஒவ்வொரு தடவையும் சத்தம் அடங்கியது. வீட்டுக்கு வந்து த்ராட்டிலைக் கழற்றி வெளிச்சத்தில் பார்ப்பார். தகடு, தண்டு, தண்டின் முனையில் இருக்கும் சின்ன நெம்புகோல், அதைத் திரும்ப இழுக்கும் ஸ்பிரிங் எல்லாவற்றையும் துடைத்துத் தடவிப் பார்ப்பார். மறுபடி மாட்டுவார்.

“என்ன ஆச்சு?”

“இன்னைக்கு சூடு பத்தல.”

இன்னொரு நாள் கேட்டால், “ஈரக் காத்து. வெயில் வரட்டும்.” வெயில் வந்தது. மாட்டவில்லை.

ஒருநாள் வாட்ச்மேனை வளைவில் நிற்கவைத்துவிட்டு ஓட்டிக் காட்டியிருக்கிறார். திரும்பி வந்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “‘இதே சத்தம்தாங்க, ஆனா நீங்க வளைவு வர்றதுக்கு முன்னாடி கொறைக்கிறீங்க, அன்னைக்கு கொறைக்கல’ அப்படின்னான்” என்றார். அன்றிலிருந்து மறுபடி சாப்பாடு நின்றது. கன்னம் ஒட்டிப்போனது. தம்பி வந்து, “விட்டுருண்ணே. தெரிஞ்சு என்ன பண்ணப்போற?” என்று கெஞ்சினான். அவர் அவனை முறைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இப்போதெல்லாம் காலையில் போனால் மதியம்தான் வந்தார். வளைவுக்கு முன்னால் காலை எடுப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போடுகிறாரோ என்று அவளுக்குத் தோன்றியது. ஒருநாள் டயர்களைக் குனிந்து பார்த்தாள். ஓரம் தீய்ந்திருந்தது. முன்பு அவருக்கு இல்லாத எண்ணம் இப்போது வந்துகொண்டிருந்தது.

த்ராட்டில் மாட்டாது என்று அவளுக்கு முதலிலேயே தெரியும். கடைசி மாதங்களில் மகன் அவளிடம் எப்படி இருந்தான் என்பது அவளுக்குத் தெரியும். அதை அவள் புருஷனிடம் சொல்லவில்லை, தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

தம்பி ஒருநாள் அவரைக் கண் டாக்டரிடம் வலுக்கட்டாயமாக அழைத்துக்கொண்டு போனான். காலைப்பொழுது. கூபே பட்டறையில் மூக்கைத் திறந்தபடி நின்றது. த்ராட்டில் கழற்றிய நிலையில் மேசைமேல், துணியில் இருந்தது. அவள் அதை எடுத்துத் தன் பக்கம் கொண்டுபோனாள். மெல்லிய அரம் ஒன்றை எடுத்தாள். நெம்புகோலின் வளைந்த விளிம்பில்தான் ஸ்பிரிங்கின் முனை வழுக்கிப் போகும். முழுவதும் அழுத்தும்போது முனை எங்கே போய் நிற்கும் என்று பார்த்து, அந்த இடத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு பள்ளம் அராவினாள். ஸ்பிரிங்கை மாட்டிக் கையால் திருப்பிப் பார்த்தாள். பாதிவரை போய்த் திரும்பியது. கடைசிவரை திருப்பினாள். முனை பள்ளத்தில் விழுந்து நின்றது. தகடு திறந்தபடியே இருந்தது.

இத்தனை வருஷத்தில் இரும்பைக் கெடுப்பதற்கென்று அவள் அரத்தைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. எண்ணெய்க் கரியை மை மாதிரித் தடவி, அராவிய இடத்தின் பளபளப்பை மறைத்தாள். துணியில் இருந்த இடத்திலேயே வைத்தாள்.

மறுநாள் காலையில் அவர் த்ராட்டிலை மாட்டி முடித்ததும் அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“அந்த சீட்டை மாட்டுங்க. நானும் வரேன்.”

“நீ எதுக்கு?”

“ரெண்டு கதவு இருக்கே. ஒரு கதவு என்னோடதுதானே?”

அவர் சீட்டை எடுத்து நாலு போல்ட்டில் இறுக்கினார்.

கிடங்குச் சாலையில் லாரிகள் இன்னும் வந்திருக்கவில்லை. இன்ஜின் சூடேறும்வரை இரண்டு சுற்று மெதுவாக ஓட்டினார். பிறகு நேர்ச்சாலையின் தொடக்கத்தில் நிறுத்தி, அவளுடைய பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். அழுத்தினார். வண்டி முதுகில் உதைத்தது மாதிரி பாய்ந்தது. அந்தப் பழைய உடம்பு முழுக்க நடுங்கியது. கதவுக் கண்ணாடி கலகலத்தது, தரை அதிர்ந்தது. அவர் கடைசிவரை அழுத்திவிட்டுக் காலை எடுத்தார்.

சத்தம் அடங்கவில்லை.

அவள் அவர் காலைப் பார்த்தாள். பெடலின்மேல் இல்லை. இன்ஜின் கத்திக்கொண்டு ஏறியது. அவர் முகத்தைப் பார்த்தாள். அதைப் பார்த்திருக்க வேண்டாம் என்று பின்னால் நினைத்தாள். மாதக்கணக்காகச் செத்துக் கிடந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கண்ணில் தண்ணீர் கொட்ட, வாய் திறந்து, அவர் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிரேக்கை மிதிக்கவில்லை. சாவியைத் தொடவில்லை. முன்னால் வளைவு வந்துகொண்டிருந்தது. புதிதாகக் கட்டிய தடுப்புக் கம்பி வெள்ளையாகத் தெரிந்தது.

“என்னங்க!”

அவர் திரும்பவில்லை.

“என்னங்க, நான் இருக்கேன்! நான் இருக்கேங்க வண்டில!”

அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தார். சாவியைத் திருகினார். வண்டி மூக்கைத் தரையில் தேய்ப்பது மாதிரி குனிந்து, பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய், தடுப்புக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. ரப்பர் தீய்ந்த நாற்றம். அவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார், குழந்தை மாதிரி, சத்தம் போட்டு.

“மாட்டுச்சும்மா. பாத்தியா? மாட்டுச்சு. அவன் எடுத்திருக்கான். காலை எடுத்திருக்கான்.”

“ஆமாங்க” என்றாள். “பாத்தேன்.”

அவர் வண்டியைவிட்டு இறங்கி மூடியைத் திறந்தார். அங்கேயே, சாலையோரத்திலேயே, த்ராட்டிலைக் கழற்றினார். அவள் தன் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். திறந்த மூடிக்கும் காருக்கும் நடுவில் இருந்த இடுக்கு வழியாக அவருடைய கைகள் மட்டும் தெரிந்தன. கட்டைவிரல் நெம்புகோலின் விளிம்பில் போனது. ஓர் இடத்தில் நின்றது. திரும்பி வந்து அதே இடத்தில் மறுபடி நின்றது. மையைத் தேய்த்தது. அந்தக் கைகள் பிறகு வெகுநேரம் அசையவே இல்லை.

தினமும் துடைத்துத் தடவிப் பார்த்த சாமான். அதில் எந்த மேடு எங்கே, எந்தப் பள்ளம் எங்கே என்று அவருக்குத் தெரியாதா?

மூடியைச் சாத்திவிட்டு வந்தார். கண் சிவந்திருந்தது, முகம் ஒருமாதிரி அமைதியாக இருந்தது. “பழைய தேய்மானம்” என்றார். “எத்தனை நாளா இருந்துச்சோ.” த்ராட்டிலைத் துணியில் சுற்றித் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். தம்பியை வரச்சொல்லி, வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

விஷயம் தெருவெல்லாம் பரவியது. வந்தவர்களிடமெல்லாம் அவர் ஒரே மாதிரி சொன்னார்: த்ராட்டில் மாட்டிக்கொண்டது, பையன்மேல் தப்பில்லை. வாட்ச்மேனையும் தேடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தார். தம்பி, “எங்கண்ணே அது? காட்டு, பார்ப்போம்” என்று கேட்டான். “உடைச்சுத் தூக்கிப் போட்டுட்டேன்” என்றார். தம்பி அண்ணியைக் கட்டிக்கொண்டு அழுதான். “இத்தனை நாள் நெஞ்சுல ஒரு கல்லு அண்ணி. அவனே ஏதாவது பண்ணிக்கிட்டானோன்னு நெனச்சிட்டேன், வாயத் திறந்து கேட்கப் பயமா இருந்துச்சு” என்றான். அவள் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். ஒருவனுக்காவது அந்தக் கல் இறங்கியது.

ஆறு சிலிண்டரை இறக்கி இரும்புக்காரனுக்குப் போட்டார்கள். சின்ன இன்ஜினை மறுபடி ஏற்றும் வேலை நடந்தது. தம்பி அன்று வரவில்லை. அவர் செயினை இழுக்க, அவள் கீழே குனிந்து பழைய தாங்கியில் போல்ட்டை நுழைத்துக்கொண்டிருந்தாள்.

“அரம் புதுசா?” என்றார்.

அவள் கை நின்றது. நிமிராமலே, “பழசுதான்” என்றாள்.

“ம். விளிம்புல பிசிறே இல்ல. அதான் கேட்டேன்.”

செயின் இரண்டு கண்ணி இறங்கியது. போல்ட் உள்ளே போனது.

“மாட்டும்னு தெரிஞ்சே ஏறினியா?”

“உங்களைத் தனியா எப்படி அனுப்பறது?”

அவர் செயினைக் கட்டிவிட்டு வந்து அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். இன்ஜின் அரைகுறையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. “உனக்கு என்ன தெரியும்? சொல்லு. நான் தாங்கிக்குவேன்” என்றார்.

சொன்னாள். அவன் வேலை போய்விட்டது. போய்ப் பல மாதம் ஆகியும் தினமும் காலையில் குளித்து உடுத்திக் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தான். அவளுக்கு அது ஒரு வாடிக்கையாளர் மூலம் தெரியவந்தது. கேட்டபோது, “அப்பாகிட்ட சொல்லாதம்மா, நானே சொல்றேன்” என்றான். இவளும் சொல்லவில்லை. அந்தக் கடைசி வாரம் ஒருநாள் மத்தியானம் லேத்துக்கு வந்து, ஒன்றும் பேசாமல், அவள் வேலை செய்வதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கிளம்பும்போது கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தான். “ஓடலம்மா, நீ வெச்சுக்க” என்றான். அவன் போனபிறகு எடுத்துப் பார்த்தாள். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

“பின்னாடியே ஓடியிருக்கணும்” என்றாள். “கடிகாரத்தைக் கையில வெச்சுக்கிட்டு, பையனுக்கு மறதின்னு நெனச்சு, உளியை மாத்திக்கிட்டு நின்னேன்.”

அவர் அவளைத் தேற்றவில்லை. எண்ணெய்க் கறை படிந்த கையை அவள் கைமேல் வைத்தார். “என்கிட்ட சொல்ல அவனுக்கு என்ன பயம்?” என்று கேட்டார். அதை அவளிடம் கேட்டாரா, தன்னையே கேட்டுக்கொண்டாரா என்று தெரியவில்லை.

ஊருக்குச் சொன்னதை அவர்கள் மாற்றவில்லை. தம்பி கேட்டாலும் அதே கதைதான். அவர் இப்போது ஒரு வேளைக்கு ஒரு பிடி சோறு கூடுதலாகச் சாப்பிடுகிறார், அது போதும் என்று அவள் நினைக்கிறாள். கூபே பட்டறையில் நிற்கிறது. மூக்குக்குள் பாதி இடம் காலியாகக் கிடக்கிறது, பெரிய கியர்பாக்ஸுக்காக வெட்டிய தரையை இன்னும் ஒட்டவைக்கவில்லை. அவ்வப்போது கிளப்பிப் பார்ப்பார். வெளியே எடுப்பதில்லை.

வெளியாட்கள் பழைய வண்டியைக் கொண்டுவந்து, பெரிய இன்ஜின் போட்டுத் தரச்சொல்லிக் கேட்டால் மட்டும் அவர் முடியாது என்று சொல்லிவிடுகிறார். காரணம் கேட்டால் சொல்வதில்லை. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் அவள் அதைக் கேட்பாள். லேத்து ஓடிக்கொண்டிருக்கும், அதனால் நிமிர்ந்து பார்க்கமாட்டாள்.